கிராமத்து வீடுகளைக் கருப்பு வெள்ளையில் படமெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த வீடுகளைப் பற்றிய பக்கம் இது?

தமிழ்நாட்டுக் கிராமங்களில் கொத்தனாரும் தச்சரும் குயவரும் வீட்டுக்காரரும் சேர்ந்து, அக்கம்பக்கத்தில் கிடைத்த மண், சுண்ணாம்பு, பனை, மூங்கில், கருங்கல் ஆகியவற்றால் கட்டிய வீடுகள். காவிரிப் படுகையின் திண்ணை வைத்த ஓட்டு வீடு, கொங்குப் பகுதியின் தொட்டிக்கட்டு வீடு (நடுவில் திறந்த முற்றம் வைத்தது), ராமநாதபுரத்துப் பனையோலைக் கூரை, மண்சுவர்க் குடிசை எல்லாம் இதில் அடங்கும். மாட்டுத்தொழுவம், குதிர், கிணற்றடி இவற்றையும் விட்டுவிடக் கூடாது. செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்கும் வெளிநாட்டு மார்பிளும் உண்டுதான். ஆனாலும் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று உள்ளே உள்ளே போகும் அமைப்பும் சுண்ணாம்புப் பூச்சும் இந்த ஊருக்கே உரியவை என்பதால் அவற்றையும் சேர்த்தே பேசுகிறோம்.

கையில் வண்ணக் கேமரா இருக்கும்போது எதற்குக் கருப்பு வெள்ளை?

பழைய வீடு, ஆகவே பழைய படம்போல் இருக்கட்டும் என்பது போதிய காரணம் ஆகாது. அப்படி எடுத்த படங்கள் வீட்டைக் காட்டுவதில்லை, ஏக்கத்தை மட்டும் காட்டுகின்றன.

சரியான காரணம் பொருள். மண்சுவர் ஒளியை ஒருவிதமாக வாங்கிக்கொள்கிறது, சுண்ணாம்பு வேறுவிதமாக, எண்ணெய் ஏறிய தேக்கு இன்னொரு விதமாக. வண்ணப் படத்தில் வாசலில் கிடக்கும் நீல பிளாஸ்டிக் குடமும் புதிதாக அடித்த ரோஸ் நிற பெயின்ட்டும் முதலில் கண்ணைப் பிடுங்கிக்கொள்ளும். கருப்பு வெள்ளையில் அவை அடங்கி, மேடு பள்ளமும் நிழலும் முன்னால் வரும். கூரை சுவரின்மேல் எப்படி உட்கார்ந்திருக்கிறது, தூண் எடையை எங்கே இறக்குகிறது என்பது அப்போதுதான் தெளிவாகப் புரியும்.

இழப்பும் உண்டு. சுவரின் அடியில் ஓடும் காவிப் பட்டை, ஆத்தங்குடித் தரைக்கல்லின் நிறங்கள், நிலைப்படியின் மஞ்சள் குங்குமம் ஆகியவை சாம்பலாகிவிடும். அதனால் ஆவணத்துக்காக எடுப்பவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு மூன்று வண்ணப் படங்களையும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

சிவப்பு ஓடும் பச்சைத் தென்னையும் ஒரே சாம்பல் நிறமாகிவிடுகின்றன. என்ன செய்வது?

அதிகம் வரும் கேள்வி இதுதான். நம் கண்ணுக்கு ஓட்டையும் தென்னையோலையையும் பிரித்துக் காட்டுவது நிறம். வெளிச்ச அளவில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நிறத்தை எடுத்ததும் கூரையும் தோப்பும் ஒட்டிக்கொள்கின்றன. இதைத் தீர்ப்பது ஃபில்டர், அதாவது லென்ஸின் முன்னால் மாட்டும் நிறக் கண்ணாடி.

ஃபில்டர் தன் நிறத்தில் உள்ளதை வெளுக்கச் செய்யும், எதிர்நிறத்தைக் கருக்கச் செய்யும். பச்சை ஃபில்டர் (11-ஆம் எண்) போட்டால் ஓலை வெளுத்து, ஓடு கருக்கும். தோப்புக்கு நடுவே நிற்கும் ஓட்டு வீட்டுக்கு இதுதான் முதல் தேர்வு. சிவப்பு ஃபில்டர் (25-ஆம் எண்) இதற்கு நேர் எதிர்: ஓடு பளிச்சென்று வெளுக்கும், மரம் இருளும், நீல வானம் கரும்பலகை போலாகும். பார்க்க நாடகத்தன்மையாக இருக்கும். ஆனால் அதன் விலையைத் திண்ணை கொடுக்கும். நிழலுக்குள் விழுவது வானத்திலிருந்து வரும் நீல ஒளி. சிவப்பு ஃபில்டர் அதைத் தடுத்துவிடுவதால் திண்ணையும் தாழ்வாரமும் குழிபோல் கறுத்துவிடும். வீட்டின் பாதி வாழ்க்கை நடக்கும் இடம் அது. ஆகவே சிவப்பு ஃபில்டரைத் திண்ணை இல்லாத பக்கச்சுவருக்கோ தனியாக நிற்கும் கூரைக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரஞ்சு (21) இடைப்பட்டது. வெள்ளையடித்த சுவரின் சொரசொரப்பை நன்றாக எடுத்துக் கொடுக்கும். செம்மண் சுவரில் மட்டும் ஜாக்கிரதை: மண் வெளுத்துப்போய், பக்கத்தில் உள்ள சுண்ணாம்புப் பட்டையோடு கலந்துவிடும். எதைப் போடுவது என்று தெரியாத நாளில் மஞ்சள் (8) போட்டால் பிழை வராது.

ஃபில்டர் ஒளியைத் தின்னும் கணக்கு (1 ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும், கூடினால் இரட்டிப்பாகும்): மஞ்சளுக்கு 1 ஸ்டாப், பச்சைக்கும் ஆரஞ்சுக்கும் ஏறக்குறைய 2, சிவப்புக்கு 3. கேமராவின் மீட்டர் அடர் சிவப்பு வழியாகப் பார்க்கும்போது தவறாக அளக்கலாம். ஃபில்டர் இல்லாமல் அளந்து, இந்த ஸ்டாப்புகளைக் கையால் கூட்டுங்கள்.

பழைய படங்களில் ஓடு கருப்பாகவும் வானம் வெற்று வெள்ளையாகவும் இருப்பது ஏன்?

அக்காலத்து நெகட்டிவ் நீலத்துக்கு மட்டுமே நன்றாக இசைந்தது. சிவப்பு அதன் கண்ணில் இருட்டு, வானம் அளவுக்கு மீறிய வெளிச்சம். 1850-களின் இறுதியில் மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய இடங்களை மெழுகுத்தாள் நெகட்டிவில் படமெடுத்த லின்னேயஸ் ட்ரைப், வெற்று வானத்தைச் சரிக்கட்ட நெகட்டிவிலேயே மேகங்களைத் தீட்டியிருக்கிறார். பழைய படத்தில் கூரை கருப்பாக இருப்பதை வைத்து, ஓட்டில் பாசி படிந்திருந்தது என்றோ கரி ஏறியிருந்தது என்றோ முடிவு கட்டக் கூடாது. அது நெகட்டிவின் குணமாகவே இருக்கலாம்.

டிஜிட்டலில் இதே வேலையை எப்படிச் செய்வது?

ரா கோப்பாக (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு), வண்ணத்தில் எடுங்கள். கேமராவின் திரையில் மட்டும் மோனோகுரோம் காட்சியை வைத்துக்கொண்டால், எடுக்கும்போதே சாம்பல் நிறங்களைக் கண்ணால் பார்க்கலாம். கோப்பில் வண்ணம் பத்திரமாக இருக்கும். லென்ஸில் கண்ணாடி ஃபில்டர் போட வேண்டாம்.

கணினியில் முதலில் ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்யுங்கள். அது தவறாக இருந்தால் அடுத்து வரும் எல்லாமே கோணலாகும். பிறகு கருப்பு வெள்ளைக்கு மாற்றி, ஒவ்வொரு நிறத்தின் ஸ்லைடரையும் தனித்தனியே நகர்த்துங்கள். ஓடு பெரும்பாலும் சிவப்பில் இருப்பதில்லை, ஆரஞ்சில்தான் இருக்கிறது. தென்னையோலையும் பச்சையைவிட மஞ்சளில்தான் அதிகம் அசையும். இது தெரியாமல் சிவப்பையும் பச்சையையும் இழுத்துப் பார்த்துச் சலித்துப்போகிறவர்கள் நிறையப் பேர்.

கெட்டுப்போவது நீலத்தில். வானத்தைக் கருக்க நீல ஸ்லைடரை அடிவரை இழுத்தால் வானம் முழுக்கப் புள்ளி புள்ளியாகும். ஓட்டு விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று முளைக்கும். கூரை விளிம்பை 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இழுங்கள். கோடு தெரியத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன் நிறுத்திவிடுங்கள்.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

‘காலையும் மாலையும்’ என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். வீட்டுக்கு அது போதாது. வாசல் எந்தத் திசை, இறவாணம் (சுவரைத் தாண்டி வெளியே வரும் கூரையின் ஓரம்) எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, மாதம் எது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மதுரை ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் அங்கே நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகலில் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். வடக்கு பார்த்த வீட்டின் முன்சுவரில் ஆண்டின் பெரும்பகுதி வெயிலே படாது. மே, ஜூன், ஜூலையில் காலை எட்டு மணியளவிலும் மாலை நாலரைக்கு மேலும் சாய்வாக விழும். அதைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான்.

தெற்குச் சுவருக்கு உகந்த காலம் மார்கழி, தை. டிசம்பர் கடைசியில் மதுரையில் நண்பகல் சூரியனின் உயரம் சுமார் 57 டிகிரி. 2 அடி நீட்டிய இறவாணம் சுவரில் 3 அடி நிழல்தான் போடும். அதற்குக் கீழே சுவர் வெயிலில் இருக்கும். அதே இறவாணம் மார்ச்சில் நண்பகலில் சுவர் முழுவதையும் நிழலில் தள்ளிவிடும். வீட்டைக் கட்டியவர் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது. கோடையின் நிழலையே படமாக எடுப்பதும் ஒரு நல்ல ஆவணம்.

கிழக்கு பார்த்த வீட்டை விடிந்ததும் எடுத்தால் வெயில் நேராக முகத்தில் அறைந்து சுவர் தட்டையாகும். காலை 8 முதல் 9:30 வரை காத்திருங்கள். ஒளி மேலிருந்து சரிந்து சுவரை உரசிக்கொண்டு இறங்கும்போது மண்சுவரின் அடுக்குகள் எழுந்து வரும். மண்சுவரை ஒரேயடியாக எழுப்ப முடியாது. ஓர் அடுக்கு வைத்து, காயவிட்டு, அதன்மேல் அடுத்ததை வைப்பார்கள். அந்தக் கிடைக்கோடுகள் உரசும் ஒளியில் மட்டுமே தெரியும்.

மேகமூட்டமான ஐப்பசி நாளையும் ஒதுக்காதீர்கள். ஜெர்மனியின் மரச்சட்ட வீடுகளைப் பல்லாண்டுகள் ஒரே முறையில் படமெடுத்த பெர்ன்ட், ஹில்லா பெக்கர் தம்பதி மேகம் மூடிய ஒளியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நிழல் குறுக்கிடாததால் ஒரு வீட்டை இன்னொன்றோடு ஒப்பிட முடியும். ஒரு தெருவின் இருபது வீடுகளை வரிசையாக எடுப்பவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. தனி வீட்டின் சுவர்ப்பூச்சைக் காட்ட வேண்டியவருக்கு இந்த ஒளி பயன்படாது.

வெள்ளையடித்த சுவர் அழுக்குச் சாம்பலாக வருகிறதே?

மீட்டருக்கு வெள்ளை தெரியாது. எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். வெயில் படும் சுண்ணாம்புச் சுவரை மட்டும் அளந்தால், காட்டும் அளவுக்குமேல் ஒன்றரை முதல் 2 ஸ்டாப் கூட்டிக் கொடுங்கள். கரி படிந்த அடுப்படிச் சுவரில் இதற்கு மாறாக 2 ஸ்டாப் குறையுங்கள்; இல்லாவிட்டால் அடுப்படி வெளிறிப்போய்ப் புகைமூட்டம் போலிருக்கும். மண்சுவர் பெரும்பாலும் நடுச் சாம்பலுக்கு அருகில் இருக்கும், அதை நம்பி அளக்கலாம்.

டிஜிட்டலில் வெள்ளை எரிந்துபோனால் மீட்க முடியாது. கூட்டிக் கொடுத்தபின் ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டுகிறதா என்று பாருங்கள்.

திண்ணை தெரிந்தால் தெரு எரிகிறது, தெரு தெரிந்தால் திண்ணை இருட்டு. என்ன வழி?

வெயில் விழும் சுவருக்கும் திண்ணையின் உள்மூலைக்கும் நாலைந்து ஸ்டாப் இடைவெளி சாதாரணம். கதவு திறந்து ரேழியும் (வாசலுக்கு உள்ளே இருக்கும் நடை) தெரிந்தால் இன்னும் கூடும்.

எளிய வழியிலிருந்து தொடங்கலாம். திண்ணைக்கு எதிரே, படத்தின் சட்டத்துக்கு வெளியே, வெயில் விழும் தரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிடுங்கள். எட்டு முழ வேட்டி ஒற்றை மடிப்பாக விரிந்தால் திண்ணையின் கூரை அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வெளிச்சம் ஏறும். கைமரங்களும் (கூரையைத் தாங்கும் சாய்வு மரங்கள்) வரிச்சல்களும் (அவற்றின் குறுக்கே அடித்த மெல்லிய சட்டங்கள்) அப்போதுதான் தனித்தனியாகப் பிரியும். காற்றடித்தால் நான்கு மூலையிலும் கல் வையுங்கள்.

இரண்டாவது வழி நேரத்தை மாற்றுவது. மேற்கு பார்த்த வீட்டைக் காலையில் எடுத்தால் முன்பக்கம் முழுக்க நிழலில் இருக்கும், இடைவெளி பாதியாகும்.

மூன்றாவது, ட்ரைபாட் வைத்து 2 ஸ்டாப் இடைவெளியில் மூன்று படங்கள் எடுத்து இணைப்பது. மென்பொருள் தானாக இணைத்துத் தரும் படத்தில் திண்ணையும் தெருவும் ஒரே வெளிச்சத்தில் வந்துவிடும். அது பொய். திண்ணை என்பதே வெயிலிலிருந்து ஒதுங்கும் இடம். படத்தில் அது இருட்டாகவே இருக்க வேண்டும், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். லேயர் மாஸ்க் போட்டு (எந்தப் படத்தின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று நாமே குறித்து) கையால் இணைத்து, திண்ணையைத் தெருவைவிடக் குறைந்தது 2 ஸ்டாப் கருமையாக விடுங்கள்.

ஃபிலிமில் எடுப்பவர்கள் நிழலுக்கு எக்ஸ்போஷர் கொடுத்து, வெளிச்சத்துக்கு ஏற்ப டெவலப் செய்ய வேண்டும். 125 வேகமுள்ள (ஐஎஸ்ஓ) ஃபிலிமை மீட்டரில் 64 என்று வைத்து எடுத்து, டெவலப் நேரத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் சுவரின் வெண்மை கட்டுக்குள் வரும்.

உள்ளறை, குதிர், அடுப்படி மிகவும் இருட்டு. ஃபிளாஷ் அடிக்கலாமா?

வேண்டாம். ஃபிளாஷ் அடித்த அறையில் சன்னல் எங்கே இருந்தது என்றே தெரியாது. வீட்டின் உள்ளே ஒளி எந்த வழியாக வருகிறது, எவ்வளவு வருகிறது என்பது கட்டடத்தின் ஒரு பகுதி. முற்றத்திலிருந்து ஒளி தாழ்வாரத்தைத் தாண்டி அறைக்குள் போகப் போகக் குறைவதைப் படம் காட்ட வேண்டும்.

ட்ரைபாட், கேபிள் ரிலீஸ், லென்ஸ் துளை எஃப் 8 அல்லது எஃப் 11, எத்தனை வினாடி தேவையோ அத்தனை. ஃபிலிமில் ஒரு கணக்கு கூடச் சேரும்: நீண்ட நேரம் திறந்து வைக்கும்போது ஃபிலிமின் வேகம் குறைகிறது. இல்ஃபோர்ட் எஃப்பி4 பிளஸ் என்ற ஃபிலிமுக்கு, மீட்டர் காட்டும் வினாடியை 1.26 அடுக்குக்கு உயர்த்த வேண்டும். 10 வினாடி என்றால் சுமார் 18. 30 வினாடி என்றால் சுமார் 73. எச்பி5 பிளஸுக்கு அடுக்கு 1.31, 10 வினாடி 20 ஆகும். இதைச் செய்யாதவர்களின் நெகட்டிவில்தான் உள்ளறை வெறும் கண்ணாடிபோல் வெறுமையாக இருக்கும்.

மரத்தரை, பரண், மச்சு ஆகியவற்றில் ட்ரைபாட் வைத்தால் யாரும் நடக்கக் கூடாது. நீண்ட எக்ஸ்போஷரில் ஒரு காலடி அதிர்வே படத்தைக் குழப்பப் போதும்.

செட்டிநாட்டுச் சுவர் கண்ணாடிபோல் மினுங்கி வெள்ளைத் திட்டாகிறது.

அரைத்த சுண்ணாம்பை மெல்லிய பூச்சாக ஏற்றி வழவழப்பாகத் தேய்த்த சுவர் அது. ஒளியைச் சிதறவிடாமல் திருப்பி அனுப்புகிறது. போலரைசரை (மினுக்கத்தைக் குறைக்கும் சுழல் ஃபில்டர்) மாட்டி, சுவருக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் சாய்வாக நின்று, திட்டு குறையும்வரை சுழற்றுங்கள். நேரெதிரே நின்றால் போலரைசர் வேலை செய்யாது. ஒன்றரை முதல் 2 ஸ்டாப் ஒளி குறையும். மினுக்கத்தை முழுவதும் துடைத்துவிடாதீர்கள். அந்தப் பூச்சின் பெருமையே மினுக்கம்தான்.

வீட்டின் சுவர்கள் மேலே போகப் போக உள்பக்கம் சாய்கின்றன. ஏன்?

கேமராவை அண்ணாந்து பிடிக்கிறீர்கள். கேமராவின் பின்பக்கம் சுவருக்கு இணையாக, செங்குத்தாக இருந்தால் கோடுகள் சாயாது. ட்ரைபாட்டில் ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். மேல்பகுதி வெட்டுப்பட்டால் கேமராவைச் சாய்க்காமல், செங்குத்து வாக்கில் திருப்பி வையுங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (படம் பதியும் பரப்பு 36×24 மி.மீ.) 24 மி.மீ. லென்ஸ், வீட்டிலிருந்து 6 மீட்டர் தூரம், கேமரா உயரம் 1.5 மீட்டர் என்றால், செங்குத்து வாக்கில் தரையிலிருந்து 6 மீட்டர் உயரம்வரை படத்தில் விழும். ஒற்றைத்தள ஓட்டு வீட்டின் மோட்டுவளை அதற்குள் அடங்கிவிடும். கீழே வீணாக வரும் தெருவைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

ஷிஃப்ட் லென்ஸ் (கேமராவைச் சாய்க்காமல் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய லென்ஸ்) இருப்பவர்களுக்கு இன்னும் எளிது: 24 மி.மீ. லென்ஸை 12 மி.மீ. மேலே நகர்த்தினால், 6 மீட்டர் தூரத்தில் 3 மீட்டர் உயரம் கூடுதலாகக் கிடைக்கும்.

மென்பொருளில் நிமிர்த்தலாம்தான், ஆனால் அதிகம் நிமிர்த்தினால் வீடு உண்மையைவிட ஒல்லியாகவோ நெட்டையாகவோ ஆகிவிடும். தூணின் உயரத்தை டேப்பால் அளந்து வைத்திருந்தால் விகிதத்தைச் சரிபார்க்கலாம். இன்னொன்று: மண்சுவர் இயல்பிலேயே அடியில் தடித்து மேலே மெலியும். அந்தச் சரிவையும் ‘திருத்தி’ நிமிர்த்திவிடாதீர்கள். கதவு நிலையை வைத்து நிமிர்த்துங்கள், சுவரை வைத்து அல்ல.

எந்த லென்ஸ் வாங்குவது?

ஃபுல் ஃபிரேமில் 35 மி.மீ. ஒன்றே பெரும்பாலான வேலைக்குப் போதும். கணக்கு எளிது: தூரத்தை 36-ஆல் பெருக்கி, லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்தால் படத்தில் விழும் அகலம் கிடைக்கும். 9 மீட்டர் தள்ளி நின்றால் 35 மி.மீ. லென்ஸ் சுமார் 9 மீட்டர் அகலத்தைக் காட்டும். தெரு குறுகலாக இருந்தால் 24. அதைவிட அகன்ற லென்ஸ் திண்ணையை மைதானம்போல் நீட்டிவிடும்.

கேமரா எந்த உயரத்தில் இருக்க வேண்டும்?

நம் ஊர் இறவாணம் தாழ்வானது, பல வீடுகளில் குனிந்துதான் நுழைய வேண்டும். கண் உயரத்தில் கேமரா வைத்தால் இறவாணமே திண்ணையை மறைத்துவிடும். இடுப்பு உயரத்துக்கு, 3 அடிக்கு இறக்குங்கள். கூரையின் அடிப்பக்கமும் கைமரங்களின் நுனியும் திண்ணையின் மேல்தளமும் ஒன்றாகத் தெரியும். கூரையின் ஓட்டு வரிசையைக் காட்டத் தனியாக, எதிர்வீட்டு மாடியிலிருந்து இன்னொரு படம் எடுங்கள்.

ஒரு வீட்டுக்கு எத்தனை படங்கள்? எவை?

அழகான ஒரு முகப்புப் படத்தோடு திரும்பிவிடுவது வீட்டுக்குச் செய்யும் அநியாயம். முகப்பு எல்லோரும் எடுப்பது. நாளைக்கு வீடு இடிந்தால், அதை மறுபடி கட்ட நினைக்கும் தச்சருக்கு முகப்பு எதையும் சொல்லாது. அவருக்கு வேண்டியது மூட்டுகள்.

முதலில் வீட்டை நான்கு பக்கமும், ஒரு மூலையிலிருந்து சாய்வாக ஒன்றும், தெருவோடு சேர்த்து ஒன்றும் எடுங்கள். அடுத்து உள்ளே: வாசலிலிருந்து கொல்லைவரை நேர்கோட்டில் ஒன்று, முற்றத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் எதிர்மூலையைப் பார்த்து ஒவ்வொன்று. இதுவரை பத்துப் பன்னிரண்டு ஆகும்.

பிறகு நெருங்குங்கள். தூணின்மேல் போதிகை (உத்திரத்தைத் தாங்கும் கட்டை), போதிகையின்மேல் உத்திரம், உத்திரத்தின்மேல் கைமரம் உட்காரும் இடம். சுவரின் மூலை. தூணுக்கு அடியில் உள்ள கல். முற்றத்தில் நான்கு கூரைகளும் சந்தித்து மழைநீர் இறங்கும் மடிப்பு. ஓட்டு வீட்டில் முதலில் ஒழுகுவதும் முதலில் உளுத்துப்போவதும் இந்த இடம்தான், ஆகவே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதைக் கட்டாயம் எடுக்க வேண்டும். கதவு நிலை, தாழ்ப்பாள், விளக்கு மாடம்.

ஓட்டை மட்டும் தனியாக: நாட்டு ஓட்டைக் குயவர் சக்கரத்தில் குழாயாக வனைந்து, சுடுவதற்கு முன் இரண்டாகப் பிளப்பார். அவர் விரல் ஓடிய வரிகள் ஓட்டின் முதுகில் இருக்கும். சாய்ந்த வெயிலில், அருகிலிருந்து, எஃப் 11-இல் எடுத்தால் அவை தெளிவாக வரும். சீமை ஓடு என்றால் உள்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். தொழிற்சாலை முத்திரை இருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1865-இல் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலைக்குப் பின் பரவிய ஓடு அது, முத்திரையைப் படமெடுத்தால் கூரையின் காலத்தைக் கணிக்க உதவும்.

மெட்ராஸ் டெரஸ் தளம் இருந்தால் அண்ணாந்து ஒன்று. மர விட்டங்களுக்கு மேலே மெல்லிய செங்கற்களைக் குத்துவாக்கில் நிறுத்தி, குறுக்குச் சாய்வாக அடுக்கியிருப்பார்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் அந்தச் சாய்வு தெரியும்.

பழுதையும் எடுங்கள். கறையான் அரித்த உத்திரமும் உதிர்ந்த பூச்சும் வீடு எப்படிக் கட்டப்பட்டது என்பதை நன்றாக இருக்கும் சுவரைவிடத் தெளிவாகச் சொல்லும்.

நெருங்கி எடுக்கும் படங்களில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். கருப்பும் வெள்ளையுமாக 10 செ.மீ. பட்டை போட்ட ஒரு மீட்டர் குச்சி போதும். அளவுகோலோடு ஒன்று, இல்லாமல் ஒன்று.

கீற்றுக் கூரை படத்தில் கசகசவென்று ஆகிறது.

ஓலையின் நுண்கோடுகள் மேல் மென்பொருளின் ஷார்ப்பனிங் ஏறியதால் வருவது. கூரைப் பகுதிக்கு மட்டும் ஷார்ப்பனிங்கையும் கிளாரிட்டியையும் பாதியாகக் குறையுங்கள். ஒளியும் காரணமாகலாம்: உச்சி வெயிலில் ஒவ்வோர் ஓலையும் தனி நிழல் போடும். மேகம் மறைக்கும் நேரத்தில் எடுத்தால் கூரை ஒரே உடலாகத் தெரியும்.

ஃபிலிமில் எடுப்பது இன்னும் பயனுள்ளதா? எதை வாங்குவது?

ஆவண வேலைக்குப் பயனுள்ளது. அமெரிக்காவில் 1933-இல் தொடங்கிய வரலாற்றுக் கட்டடங்களின் அரசு ஆவணத்திட்டம் பெரிய அளவு கருப்பு வெள்ளை நெகட்டிவைத்தான் அடிப்படையாகக் கொண்டது. நன்றாகக் கழுவிய வெள்ளி நெகட்டிவ் நெடுங்காலம் நிற்கும் என்பதே காரணம். நம் ஊரிலேயே ஊட்டியில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் கருப்பு வெள்ளை ஃபிலிம் தயாரித்தது. அது நின்றுபோய்விட்டது. பழைய சரக்கு எங்காவது கிடைத்தால் ஆசைக்கு எடுக்கலாம், வேலைக்கு வேண்டாம்: நாள்பட்டதில் மூட்டம் ஏறியிருக்கும்.

வெளிப்புறத்துக்கும் ட்ரைபாட் வேலைக்கும் எஃப்பி4 பிளஸ், கையில் பிடித்து எடுக்க எச்பி5 பிளஸ் அல்லது ட்ரை-எக்ஸ்.

நம் வெயிலில் டெவலப் செய்யும்போது என்ன கெடுகிறது?

குழாய்த் தண்ணீரே 30 டிகிரி இருக்கும். ஐடி-11 டெவலப்பரை ஒன்றுக்கு ஒன்று கலந்தால் எஃப்பி4 பிளஸுக்கு 20 டிகிரியில் 11 நிமிடம். 24 டிகிரியில் ஏறக்குறைய ஏழரை நிமிடம். 30-இல் செய்தால் நேரம் 5 நிமிடத்துக்கும் கீழே இறங்கி, வானத்தில் திட்டுத்திட்டாக வரும். ஒரு வாளித் தண்ணீரில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, டெவலப்பர், ஃபிக்சர், கழுவும் தண்ணீர் மூன்றையும் பாட்டிலோடு அதில் நிறுத்தி 24-க்குக் கொண்டுவாருங்கள். டெவலப்பரை மட்டும் குளிரவைத்து, சுடுதண்ணீரில் கழுவினால் ஃபிலிமின் மேற்பூச்சு சுருங்கி வலைபோல் வெடிக்கும்.

ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு காய்ந்தபின் வெள்ளைத் தடமாக நிற்கும். கடைசி அலசலை டிஸ்டில்டு வாட்டரில், வெட்டிங் ஏஜென்ட் சில சொட்டுகள் விட்டுச் செய்யுங்கள். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள இடத்தில் ஓடும் தண்ணீர் தேவையில்லை. ஹார்டனர் கலக்காத ரேப்பிட் ஃபிக்சர் என்றால், டேங்கை நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டி, மறுபடி நிரப்பி 10 முறை, மறுபடி 20 முறை செய்தால் போதும்.

காய்ந்த நெகட்டிவைப் பிவிசி உறையில் போடாதீர்கள். பாலிப்ரொப்பிலீன் உறை, சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பா. சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் வறுத்து மறுபடி பயன்படுத்தலாம். லென்ஸுக்கும் இதே டப்பாதான். அடைமழைக் காலத்தில் கேமராப் பைக்குள்ளேயே விட்ட லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

மின்கம்பி, டிஷ் ஆன்டெனா, தார்ப்பாய் எல்லாவற்றையும் அழித்துவிடலாமா?

ஆவணப் படத்தில் கூடாது. ஓட்டின்மேல் போட்ட தார்ப்பாய் அந்த ஆண்டு கூரை ஒழுகியது என்பதற்குச் சான்று. வாசலில் நிற்கும் பைக்கை வீட்டாரிடம் கேட்டு நகர்த்தலாம். கணினியில் எதையாவது நீக்கினால் குறிப்பில் எழுதிவையுங்கள்.

அனுமதி எப்படிக் கேட்பது?

முதலில் கேமரா இல்லாமல் போய், திண்ணையில் இருக்கும் பெரியவரிடம் எதற்கு எடுக்கிறீர்கள், எங்கே வெளியிடுவீர்கள் என்று சொல்லுங்கள். செட்டிநாட்டில் வயதான பெண்களை ‘ஆச்சி’ என்று அழைப்பது மரபு. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குக் காவல்காரர் சொன்னால் போதாது; அந்த வீடு பல பங்காளிகளுக்குப் பொதுவாக இருக்கும். சாமி அறை, பெட்டகம், உள்கதவின் பூட்டு ஆகியவற்றைக் கேட்காமல் எடுக்காதீர்கள். கோலத்தை மிதிக்காமல் ட்ரைபாட்டை வையுங்கள். நீலகிரியில் தோடர்களின் கோயில்களை நெருங்கவே கூடாது, வீட்டையும் ஊராரைக் கேட்டே எடுக்க வேண்டும். ஒரு பிரிண்ட்டை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னால் அனுப்பிவிடுங்கள்.

படத்தோடு என்ன எழுதி வைக்க வேண்டும்?

ஊர், தெரு, வாசலின் திசை, நாள், நேரம், லென்ஸ், ஃபில்டர், கேமராவின் உயரம், வீட்டிலிருந்து தூரம். டேப்பால் அளந்த சுவர்த் தடிமன், தூண் இடைவெளி, திண்ணை உயரம். கூரையும் சுவரும் எதனால் ஆனவை. வீட்டார் ஒவ்வோர் இடத்துக்கும் என்ன பெயர் சொல்கிறார்கள் என்பதை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும். அகராதியில் இல்லாத சொற்களும் அங்கே கிடைக்கும்.

அதே வீட்டைச் சில ஆண்டுகள் கழித்து அதே கோணத்தில் எடுக்க முடியுமா?

முடியும், முதல் படத்திலேயே அதற்கு வழி வைத்திருந்தால். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றாக இரண்டு பொருள்களை ஒரே கோட்டில் வரும்படி நின்று எடுங்கள்: திண்ணைத் தூணின் இடது விளிம்பு கதவு நிலையின் வலது விளிம்பைத் தொடுவதுபோல. இப்படி இடப்பக்கம் ஒரு ஜோடி, வலப்பக்கம் ஒரு ஜோடி இருந்தால் நின்ற இடம் தானாகவே கிடைத்துவிடும். மரத்தையும் மின்கம்பத்தையும் நம்பாதீர்கள். திரும்பப் போகும்போது பழைய படத்தின் பிரிண்ட்டைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். அதே மாதம், அதே நேரமாக இருந்தால் நிழலும் அதே இடத்தில் விழும்.